கம்பி மேலேயா, கீழேயா?

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், என் கைபேசிக்கு வரும் விசாரிப்புகள் கூடிவிடும். சிவில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், அப்பாக்களின் நண்பர்கள். "உங்கள் சைட்டில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா சார்?" என்று தொடங்கும் பேச்சு மூன்றாவது வரியில் "சான்றிதழ் தருவீர்களா?" என்று வந்து நிற்கும். சிலர் இன்னும் வெளிப்படை: "வராமலேயே தர முடியுமா?" முடியாது. அந்தக் கேள்விக்கு அதற்கு மேல் ஒரு சொல்லையும் செலவழிக்க விருப்பமில்லை.

வருகிறவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் ஒரு நம்பிக்கையோடு வருகிறார்கள்: கல்லூரியில் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், உண்மையான பாடம் சைட்டில்தான். இந்த நம்பிக்கையை ஊட்டி வளர்ப்பது எங்கள் கட்டுமானத் துறைக்காரர்கள்தான். முதல் நாளே தோளில் தட்டி, "படித்ததை எல்லாம் மறந்துவிடு தம்பி" என்று உபதேசம் செய்யும் சீனியர் இல்லாத சைட் உண்டா? எனக்கு இதில் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. படித்ததை மறந்துவிட்டு வருகிறவன் கம்பியையும் ஜல்லியையும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவான். படித்ததை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அங்கே ஏதாவது கண்ணில் படும்.

ஒரு பால்கனித் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தோடு பிணைந்து, மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தளம். எடை ஏறினால் அதன் நுனி கீழ்நோக்கி வளையும். அப்போது இழுபடுவது மேற்பகுதி. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையில் அதன் பலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர் எவரைக் கேட்டாலும் இதற்கான படத்தைத் தாளில் வரைந்து காட்டிவிடுவார்.

இனி, கான்கிரீட் போடும் நாளில் அதே இடத்தைப் பாருங்கள். கம்பி வரைபடப்படி மேலேதான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதை நாற்காலி போல அடியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் 'சேர்' கம்பிகள் போதவில்லை. கான்கிரீட் வரும் குழாயைத் தோளில் தாங்கிக்கொண்டு நான்கு பேர் அதன் மேலேயே நடக்கிறார்கள். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் கருவியைப் பிடித்திருப்பவர் ஒரு காலை இங்கே வைக்கிறார், மறு காலை அங்கே. கம்பி மெல்ல மெல்ல அமிழ்கிறது. அடியிலிருந்து 125 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டியது 75 மி.மீ.க்கு இறங்கிவிட்டால், அந்தத் தளத்தின் தாங்குதிறனில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விட்டது என்று பொருள். மேலே கான்கிரீட் மூடி மட்டப்பலகை போட்டு இழுத்த பிறகு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. பார்க்க அழகாகவே இருக்கும்.

இந்த ஒரு காட்சியைப் பார்த்த மாணவிக்கு வளைவு விசைப் படம் அதற்குப் பிறகு மதிப்பெண் சமாச்சாரமாக இருக்காது. ஆனால் பார்ப்பதற்கே அவளுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கண்ணுக்கு அங்கே நடப்பது நான்கு பேர் கான்கிரீட் போடுவது மட்டும்தான். அனுபவசாலியான மேஸ்திரிக்கே "எதற்காக மேலே" என்ற காரணம் தெரியாமல் இருக்கலாம். "வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பதோடு அவர் நின்றுவிடுவார். காரணம் தெரியாத விதியை அவசரத்தில் யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கான்கிரீட்டில் தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தை முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்று காட்டிவிட்டார். நூறாண்டு கடந்தும் உலகெங்கும் லாரியிலிருந்து இறங்கும் கான்கிரீட்டில் யாரோ ஒருவர் ஹோஸைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார். மாணவர்கள் இதைப் பார்த்ததும் பதறுவார்கள். "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை சார்!" என்று என்னிடம் ஓடிவருவார்கள்.

அப்போது நான் அவர்களைத் திருப்பி அனுப்புவது வழக்கம். போய் அவர் பக்கத்தில் நின்று பார், எதற்காக ஊற்றுகிறார் என்று கண்டுபிடி என்பேன். போனால் தெரியும்: உத்தரமும் தூணும் சேரும் மூட்டில் கம்பிகள் விரல் நுழையாதபடி நெருக்கமாக இருக்கின்றன. கையில் இருக்கும் வைப்ரேட்டர் ஊசி அந்த இடுக்கில் போகாத அளவுக்குப் பருமன். கான்கிரீட் கெட்டியாக வந்திருக்கிறது. நிரம்பாமல் பொந்து விழுந்தால் நாளை திட்டு வாங்கப் போவது அவர்தான். இந்த நிலையில் தண்ணீர் ஊற்றுவது தவறு. ஆனால் அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. நெருக்கமான இடத்துக்கு மெல்லிய ஊசியும் சிறிய ஜல்லியும் வேண்டும் என்பதையும், தண்ணீர் கூட்டாமல் இளக்கம் தரும் ரசாயனக் கலவையை ஆர்டரிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதையும் யாரோ ஒரு பொறியாளர் முன்கூட்டியே யோசிக்கவில்லை. ஹோஸ் தொழிலாளியின் கையில் இருக்கிறது, குற்றம் வேறு மேசையில் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துத் திரும்பி வரும் மாணவரிடம் ஒரு மாற்றம் தெரியும். தொழிலாளர்களை நோக்கிப் பேசும் தொனியே வேறாகிவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்தே நான் கோடைப் பயிற்சியின் பயன் என்று சொல்வேன். எங்கே பாடம் சரி, சைட் தவறு. எங்கே சைட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது பாடத்தில் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையில் மட்டுமோ சைட்டில் மட்டுமோ வராது.

வரைபடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்கள் அதை வேதவாக்காக நினைத்து வருகிறார்கள். சில வாரங்களில், வரைந்தபடியே கட்ட முடியாத இடங்கள் எத்தனை என்று தெரிந்து திகைப்பார்கள். உத்தரத்தின் நடுவே கழிவுநீர்க் குழாய் போகும். கட்டடக் கலைஞரின் தாளில் ஓர் அளவு, கம்பி, கான்கிரீட் விவரம் காட்டும் ஸ்ட்ரக்சுரல் தாளில் வேறு அளவு. சைட்டில் "சமாளித்துக்கொள்ளலாம்" என்ற சொல் புழங்குவது இங்கேதான். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று விழுந்து 114 பேர் இறந்த கதையை நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வதுண்டு. மேல்நடைபாதை, கீழ்நடைபாதை இரண்டையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி தாங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. நீளம் முழுக்க மரை வெட்டுவது சிரமம் என்பதால் அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள்: மேல்நடைபாதை கூரையிலிருந்தும், கீழ்நடைபாதை மேல்நடைபாதையின் உத்தரத்திலிருந்தும் தொங்கின. தாளில் பார்த்தால் சின்ன மாற்றம். மேல் உத்தரத்தின் இணைப்பில் எடை இரட்டிப்பானது. முதல் வடிவமைப்பே விதிகள் கேட்ட பலத்தை எட்டவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது வேறு.

மாற்றம் கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். கட்ட முடியாத ஒன்றைக் கட்டக்கூடியதாக மாற்றினார்கள். சைட்டில் நாள்தோறும் நடப்பது இதுதான். மாற்றிய பிறகு கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்காததுதான் அங்கே உயிர்களைக் குடித்தது. அதனால்தான் சந்தேகம் வந்தால் வாயால் கேட்டுவிட்டு நகராதே, எழுதிக் கேள், பதிலையும் எழுத்தில் வாங்கு என்கிறேன். பயிற்சிக்கு வந்தவர் எழுதுவதற்கு என்ன அதிகாரம் என்று கேட்கும் மேலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சைட்டுகளில் மாணவர்கள் தேநீர் வாங்கப் போய்வருவதைத் தவிர வேறெதுவும் கற்பதில்லை.

அளவெடுப்பு, கம்பிக் கணக்கு எல்லாம் சீக்கிரமே கைவந்துவிடும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.888 என்பதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் 12 மீட்டர் கம்பியில் 4.3 மீட்டர் துண்டுகள் இரண்டு வெட்டினால் மிஞ்சும் 3.4 மீட்டரை எங்கே பயன்படுத்துவது என்பது தேர்வில் வராத கேள்வி. கம்பி வெட்டும் இடத்தில் குவிந்து கிடக்கும் துண்டுகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அது கேள்வியாகவே தோன்றும்.

காலம் என்பது இன்னொன்று. கான்கிரீட் கட்டியைச் சோதித்து ஏழாம் நாள் பார்த்தால் பொதுவாக இறுதிப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். முழு முடிவு 28-ஆம் நாள். அதற்குள் அந்தத் தளத்தின் மேல் அடுத்த மாடியின் தூண்கள் எழுந்திருக்கும். முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மாணவர் கேட்டார். மிக நல்ல கேள்வி. மேலும் சோதனைகள் செய்வோம், வேலை நிற்கும், தேவைப்பட்டால் வலுவூட்டுவோம் அல்லது இடிப்போம், எதுவுமே மலிவில்லை. சோதனை முடிவு வரும்போது காலம் கடந்திருக்கும் என்பதால்தான் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலையில் கம்பியையும், கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சான சென்ட்ரிங்கையும், கம்பிக்கும் அச்சுக்கும் இடைவெளி விடும் கவர் பிளாக்கையும் குனிந்து குனிந்து பார்க்கிறோம்.

பாதுகாப்பில் மட்டும் "செய்து கற்றுக்கொள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். முட்டுக் கொடுக்காத ஆழப் பள்ளத்தில் அளவெடுக்க மாணவரை இறக்குகிறவருக்குப் பயிற்சி கொடுக்கும் தகுதி கிடையாது. ஹெல்மெட் அணிந்து புகைப்படம் எடுத்து அனுப்பினால் பாதுகாப்புப் பயிற்சி முடிந்தது என்று நினைக்கும் நிறுவனங்களும் உண்டு.

மாணவிகளுக்கு இன்னொரு அநியாயம் நடக்கிறது. "வெயில், தூசி, வேண்டாம்மா, நீ ஆபீஸிலேயே இரு" என்று அக்கறை போல ஒரு வாக்கியம். கோடை முழுவதும் எக்செல் தாளை நிரப்பிவிட்டுப் போவார்கள். உண்மையான காரணத்தைக் கேட்டால், பல இடங்களில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இல்லை. அதே சைட்டில் கல்லும் கலவையும் சுமக்கும் பெண்கள் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முதலில் கழிப்பறையைக் கட்டுங்கள். கட்டுமான நிறுவனத்துக்கு அதுகூடவா முடியாது?

கல்லூரிகளின் பங்கு வேறு. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், பொறியியல் மாணவர்கள் வகுப்பிலும் வேலையிடத்திலும் மாறி மாறி இருக்கும் முறையைத் தொடங்கினார். அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது திரும்பி வருவதுதான். வேலையில் எழுந்த கேள்வியோடு மாணவர் மறுபடி வகுப்பில் உட்காருவார். இன்று திரும்பி வருவது ஸ்பைரல் பைண்டிங் போட்ட அறிக்கை மட்டும். சிமென்ட்டின் வரலாறு, செங்கலின் வகைகள், நிறுவனத்தின் பெருமை என்று அறுபது பக்கம். யாரும் படிப்பதில்லை என்று எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக வரைபடமும் சைட்டும் முரண்பட்ட ஓர் இடத்தைச் சொல், யார் என்ன முடிவெடுத்தார், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பதினைந்து நிமிடம் கேட்டால் வந்தவர் யார், வராதவர் யார் என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

இந்தக் கோடையில் இடம் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. எல்லோரும் அஸ்திவாரமும் தளமும் நடக்கும் சைட்டைத்தான் கேட்கிறார்கள். புகைப்படத்துக்கும் அதுதான் எடுப்பாக இருக்கும். வாய்ப்பிருந்தால் முடிவு வேலைகள் நடக்கும் கட்டடத்தைக் கேளுங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், பெயின்டர், டைல்ஸ் போடுகிறவர் என எல்லோரும் ஒரே அறைக்காகச் சண்டை போடும் காலம் அது. தளம் போட்ட நாளில் விட்ட பிழைகள் எல்லாம் அப்போதுதான் சுவரில் விரிசலாகவும், கதவு மூடாத நிலையாகவும், தண்ணீர் வடியாத குளியலறையாகவும் வெளியே வரும். நீர்க்காப்பு செய்த குளியலறையில் தண்ணீரைத் தேக்கி, மறுநாள் கீழ்மாடிக்குப் போய் உச்சியை அண்ணாந்து பார்க்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஈரம் தெரிந்தால் கசிவு எந்த மூலையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை அந்த பிளம்பரை விட்டு நகராதீர்கள்.