தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான்

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வீட்டில் நடந்தது சொந்தக்காரர்களான உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு பெரியம்மை சொன்னது கடைசி இலை வரைக்கும் கேட்டது. "மூணு வருசமா டெஸ்ட்டுக்கு ரத்தத்தக் குடுத்துட்டு அலையுதா. ஒரு நோயும் இல்லேன்னுதான் சொல்லுதாவளாம். எல்லாம் மனசுதான்."

நான் பதில் பேசவில்லை. வைத்த புளிச்சாதம் இலையில் அப்படியே இருந்தது.

"ஒரு நோயும் இல்லை" என்று எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. "என்ன நோய் என்று இப்போதைக்குத் தெரியவில்லை" என்றுதான் பாளையங்கோட்டையில் நான் பார்க்கும் மூட்டுவாத டாக்டர் சொன்னார். இரண்டும் ஒன்றா?

ரத்த டெஸ்ட்டில், தன் உடம்பின் அணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருளான ஏஎன்ஏ 1:320, அதாவது ரத்தத்தை 320 மடங்கு நீர்த்தும் தெரிந்தது. அதே மாதிரி இன்னொரு எதிர்ப்பொருளான டிஎஸ்டிஎன்ஏ நெகட்டிவ். எதிர்ப்புச் சக்திப் புரதங்களான சி3, சி4 நார்மல். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர் கூடுதல். எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் என்று சொல்ல இது போதாது, இல்லை என்று அனுப்பிவிடவும் முடியாது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் நோயற்றவர்களிலேயே 100-க்கு 3 பேருக்கு 1:320 வந்திருக்கிறது. நான் அந்த மூவரில் ஒருத்தியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்குவதில்லை. ஈரத்துணி பிழிய முடிவதில்லை. இது எனக்குத் தெரியும்.

மதினி ஒருத்தி யூடியூப் பார்த்துவிட்டு, "லூபஸேதான், வெயில்ல இறங்காத" என்று முடிவே கட்டிவிட்டாள். டாக்டருக்கே தெரியாதது உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது?

அக்கறையில்தானே சொன்னார்கள் என்பீர்கள். அக்கறை இருந்தால், "விரல் எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டிருக்கலாமே.

ஏன் ஓயாமல் டெஸ்ட் என்கிறீர்கள். ஏஎன்ஏவைத் திரும்ப எடுக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யூரினில் புரோட்டீன் போகிறதா என்று பார்க்கிறோம், ரத்த அணுக்களை எண்ணுகிறோம். கிட்னியில் ஏதாவது தொடங்கினால் முன்கூட்டியே பிடிக்கத்தான்.

"நாங்கல்லாம் டெஸ்ட்டா எடுத்தோம்?" என்பதும் அன்றைக்குக் கேட்டது. எங்கள் அம்மா முக்கூடலில் தினம் 1000 பீடி சுற்றியவள். விரல் வீங்கினால் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி தட்டை மடியில் வைப்பாள். டெஸ்ட் எடுக்கவில்லைதான். அதனால் அவளுக்கு என்ன இருந்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அதைப் பெருமையாக என்னிடம் சொல்லாதீர்கள், பெரியம்மை. எனக்குத் தாங்கவில்லை.

என் மகளும் அந்தப் பந்தியில் இருந்தாள். ராத்திரி படுத்தபிறகு, "நீ பொய் சொல்லுதியாம்மா?" என்று கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. அதுவரை நான் அழவில்லை.

வரும் வியாழக்கிழமை அடுத்த டெஸ்ட். ரிசல்ட் வந்ததும் நானே எழுதுகிறேன். அதுவரை யாரும் எனக்கு நோய்க்குப் பெயர் வைக்கவும் வேண்டாம், இல்லை என்று அழிக்கவும் வேண்டாம்.