ஹெல்மெட் வார் அறுந்தால் அவுட், விளம்பரம் வந்தால் டைம்-அவுட்

நேற்று ராத்திரி ஒரு மேட்ச். 2 ஓவரில் 18 ரன் வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் தூக்கி அடித்தார், எல்லைக்கோட்டை ஒட்டி நின்றவர் பாய்ந்து பிடித்தார். கால் கயிற்றில் பட்டதா இல்லையா என்று மூன்றாம் நடுவர் பார்க்க வேண்டும். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பட்டென்று திரையில் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு ஏதோ செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்கிறார். அவர் போனதும் ஒரு டயர் மலைப்பாதையில் உருள்கிறது. திரும்பி வந்தால் புது பேட்டர் கிரீசில் கோடு கிழித்துக்கொண்டு நிற்கிறார். அப்போ அவுட். கால் எங்கே இருந்தது? தெரியாது. வர்ணனையாளர் மட்டும் குரலை உயர்த்தி, இந்தக் கேட்சை உங்களுக்கு வழங்கியவர்கள் என்று ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். விழுந்து புரண்டு பிடித்த ஆள் வழங்கவில்லையாம்.

விளம்பரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தக் காசில்தான் மைதானத்தில் விளக்கு எரிகிறது, ஆட்டக்காரருக்குச் சம்பளம் போகிறது, எனக்கும் வீட்டில் உட்கார்ந்தபடி ஆட்டம் கிடைக்கிறது. அது புரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. விளையாட்டு விதிகளில் ‘நேரம்’ என்று ஒன்று இருக்கிறதே, அது ஆடுகிறவனுக்கு இரும்பு, காசு கொடுக்கிறவனுக்கு ரப்பர். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2023 நவம்பர் 6, டெல்லி. உலகக் கோப்பையில் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் ஆட்டம். ஏஞ்சலோ மாத்யூஸ் உள்ளே வந்து ஹெல்மெட் வாரை இழுத்தார், வார் கையோடு வந்துவிட்டது. வேறு ஹெல்மெட் கேட்டார். வங்கதேச கேப்டன் ஷகிப் அல் ஹசன் அப்பீல் செய்தார். விக்கெட் விழுந்து 2 நிமிடத்துக்குள் அடுத்தவர் பந்தைச் சந்திக்கத் தயாராக வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. அவ்வளவுதான், ஒரு பந்துகூட ஆடாமல் மாத்யூஸ் திரும்பி நடந்தார். சர்வதேச கிரிக்கெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் ஆள் அவர். வார் அறுவதற்கு முன்பே நேரம் முடிந்துவிட்டது என்றார் நான்காம் நடுவர். இல்லை, இன்னும் 5 விநாடி இருந்தது என்று காணொளியோடு வந்தார் மாத்யூஸ். யார் சொன்னது சரி என்ற சண்டை ஒரு வாரம் ஓடியது. நானும் ஒரு நண்பனோடு சண்டை போட்டேன். விதி விதிதான் என்பது அவன் கட்சி.

சரி, விதி விதிதான், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் ஐபிஎல்லைப் பார்க்கிறேன். ஒரு இன்னிங்சில் இரண்டு ‘ஸ்ட்ராட்டஜிக் டைம்-அவுட்’. ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். ஆட்டத்துக்கு நான்கு, ஆக 10 நிமிடம். 2009-ல் இது முளைத்தபோது இன்னிங்சின் நடுவில் ஒரேயடியாக ஏழரை நிமிடம் இருந்தது. ஏழரை! பெயர் சூட்டத் தெரிந்த நம் ஆட்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அதைத் துண்டு போட்டார்கள். வியூகம் வகுக்க நேரம் தருகிறோம் என்கிறார்கள். 20 ஓவர் ஆட்டத்தில் அப்படி என்ன வியூகம்? தண்ணீர் குடிக்கிறார்கள், பயிற்சியாளர் தோளில் தட்டுகிறார், ஒருவர் கையுறை மாற்றுகிறார். அந்த இடைவேளைக்கே ஒரு ஸ்பான்சர், நடுவர் சைகை காட்டியதும் திரை முழுக்க அவர் பெயர். உலகக் கோப்பை ஒரு போட்டி, ஐபிஎல் இன்னொரு போட்டி, இரண்டையும் முடிச்சுப் போடாதே என்று நண்பன் சொன்னான். போட்டி வேறு, விதிப் புத்தகம் வேறு, தெரியும். ஆனால் அறுந்த வாருக்கு 2 நிமிடம் போதும் என்றும், பதைபதைக்கும் ஆட்டத்தை நிறுத்திப் பொருள் விற்க இரண்டரை நிமிடம் வேண்டும் என்றும் ஒரே விளையாட்டு சொல்கிறதே!

இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. ஒருநாள், டி20 ஆட்டங்களில் ஒரு ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்த ஓவரைத் தொடங்க வேண்டும். இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாவது முறை எதிரணிக்கு 5 ரன். 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா முதன்முதலாக உலகக் கோப்பை ஆடுகிறது, நியூயார்க்கில் இந்தியாவை எதிர்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்து வீசுகிறது. இந்தியாவுக்கு 30 பந்தில் 35 தேவை. அந்த நேரத்தில் கடிகார விதி பாய்ந்து 30 பந்தில் 30 ஆனது. இந்தியா எப்படியும் ஜெயித்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன், 10 பந்து மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். இருந்தாலும் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. விநாடி எண்ணிக் கறாராக நிற்பதில் தப்பில்லை. விளம்பரம் நீண்டு ஓவரின் முதல் பந்து நமக்குத் தெரியாமலே போகிறதே, அப்போது யாருக்கு எத்தனை ரன் அபராதம்?

கால்பந்து ஒன்றாவது தப்பித்தது என்று இருந்தேன். ஒரு பாதிக்கு 45 நிமிடம், நடுவில் யாரும் கடை விரிக்க முடியாது. அதுதான் அந்த ஆட்டத்தின் அழகே. 2014-ல் பிரேசிலில் வெப்பக் குறியீடு 32-ஐத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்று வைத்தார்கள். நியாயமான விதி, கொதிக்கிற வெயிலில் ஓடுகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எவன் சொல்வான்? 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா என்ன அறிவித்தது? எல்லா ஆட்டத்திலும், ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிடம் இடைவேளை. வெயிலோ குளிரோ, மேலே கூரை போட்ட மைதானமோ, கணக்கில்லை. எல்லா அணிக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்று ஒரு காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். கூரைக்குக் கீழே குளுகுளுவென்று ஆடுகிறவனுக்கு எதற்குத் தாகவிதி? 90 நிமிட ஆட்டத்தை நாலாக நறுக்கினால் நடுவில் எத்தனை கடை போடலாம் என்று கணக்குப் போட எனக்கே தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாதா?

நேரம் என்றால் விநாடி, நிமிடம் மட்டும் இல்லை, அட்டவணையும்தான். இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும், வரட்டும். அதே 2024 டி20 உலகக் கோப்பை. இந்தியா அரையிறுதிக்கு வந்தால் வெஸ்ட் இண்டீஸ் பக்கம் கயானாவில்தான் ஆடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். மற்ற அணிகளுக்கு எங்கே, என்றைக்கு என்று கடைசி வரை தெரியாது. கயானா ஆட்டம் அங்கே காலை 10.30-க்கு. காலையில் எழுந்து யார் அரையிறுதி பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள், இந்தியாவில் அது இரவு 8 மணி. அது போதும். முதல் அரையிறுதிக்கு மாற்று நாள் உண்டு. இந்த ஆட்டத்துக்குக் கிடையாது, மழை வந்தால் அன்றைக்கே 250 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கலாம், அவ்வளவுதான். மழையில் கழுவிக்கொண்டு போனால் முந்தைய சுற்றில் மேலே இருந்த அணி இறுதிக்குப் போகும். அது எந்த அணி என்று நான் சொல்ல வேண்டுமா?

அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். இரவு ஆட்டத்தில் வங்கதேசத்தை ஜெயித்து, வரலாற்றில் முதல் அரையிறுதி என்று அழுது கொண்டாடி, டிரினிடாட் போக விமான நிலையத்துக்கு வந்தால் விமானம் 4 மணி நேரம் தாமதம். இடையில் இருந்தது ஒரே நாள். ஆடி 56 ரன்னுக்குச் சுருண்டார்கள். தூங்காததால்தான் சுருண்டார்கள் என்று நான் வாதாட மாட்டேன், தென்னாப்பிரிக்கா அபாரமாகப் பந்து வீசியது. ஆனால் ஒரு அணிக்கு ஊர், தேதி, நேரம் எல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடித்து வைத்துவிட்டு, இன்னொரு அணியைப் பெட்டியோடு ஓடவிட்டதை ‘போட்டி’ என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. கோப்பையை இந்தியா தகுதியோடுதான் ஜெயித்தது. அவ்வளவு நல்ல அணிக்கு இந்தச் சலுகை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

லோகோ விஷயம் இன்னொரு கூத்து. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்று ஷூவில் எழுதிக்கொண்டு ஆட நினைத்தார். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி அனுமதிக்கவில்லை. சரி, மட்டையில் ஒரு புறா படம் ஒட்டிக்கொள்கிறேன் என்றார். அதுவும் கூடாது. எந்தச் செய்தியும் மைதானத்துக்குள் வேண்டாம் என்பது கொள்கை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே மட்டையின் முகம், முதுகு, ஓரம் எல்லாம் கம்பெனி ஸ்டிக்கர், சட்டைக் கை, நெஞ்சு, தொப்பி, ஸ்டம்ப், எல்லைக் கயிறு, தரையில் பெயின்ட் வரைக்கும் செய்திதானே? காசு கொடுத்து ஒட்டினால் அது அலங்காரம், சும்மா ஒட்டினால் அரசியல். புறாவுக்கு ஒரு ஸ்பான்சர் பிடித்திருந்தால் பறந்திருக்கும்.

சூதாட்ட விளம்பரம் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 மே மாதம் இங்கிலாந்துக் கால்பந்தில் பிரென்ட்ஃபோர்ட் அணியின் ஐவன் டோனிக்கு 8 மாதத் தடை. பந்தயம் கட்டக் கூடாது என்ற விதியை 232 முறை மீறியதாக ஒப்புக்கொண்டார். தப்புதான், தண்டனை சரிதான். அவர் வாரா வாரம் போட்டுக்கொண்டு ஓடிய ஜெர்சியின் நெஞ்சில் இருந்தது ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர். நீ கட்டக் கூடாது, பார்க்கிற குழந்தைகளைக் கட்டச் சொல்லிக் கூப்பிடும் பலகையாக மட்டும் ஓடு! அப்புறம் அவர் ஆடிய பிரீமியர் லீக் தொடரின் கிளப்புகளுக்கு ஞானோதயம் வந்தது. 2025–26 பருவத்தோடு ஜெர்சியின் முன்பக்கத்தில் பந்தய நிறுவனப் பெயர் கிடையாது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். முன்பக்கத்தில் மட்டும். சட்டைக் கையில் போட்டுக்கொள்ளலாம். மனசாட்சிக்கு நெஞ்சில்தான் இடமாம், தோளில் இல்லை.

தண்டனையிலும் இதே கடிகாரக் கோளாறு. அதே பிரீமியர் லீக்கில் மான்செஸ்டர் சிட்டி கிளப் மீது நூற்றுக்கும் மேற்பட்ட நிதிவிதிக் குற்றச்சாட்டுகள் 2023 பிப்ரவரியில் வந்தன. எவர்டன் என்ற இன்னொரு கிளப் மீது ஒரே ஒரு குற்றச்சாட்டு, அதற்கு அடுத்த மாதம். 3 ஆண்டில் 10.5 கோடி பவுண்ட் வரை நஷ்டம் காட்டலாம் என்ற வரம்பை மீறியது எவர்டன். அந்த நவம்பரிலேயே 10 புள்ளிகள் பறிபோயின, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. சிட்டி வழக்கில் விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது, வழக்கு பெரியது, எவர்டன் மீறலை ஒப்புக்கொண்டது, எல்லாம் சரி. சிட்டி குற்றவாளி என்றும் நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் வழக்கு பெரிதானால் நேரமும் பெரிதாகும், பெரிய வக்கீல் வைத்தால் இன்னும் பெரிதாகும் என்பதைப் பார்க்கிற சின்ன கிளப் ரசிகனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

நடுவர்கள் மீது எனக்கு இவ்வளவு கோபம் இல்லை, ஆச்சரியம்தான். 2010 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்ததை உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. மனிதக் கண், போகட்டும். அடுத்த உலகக் கோப்பைக்குள் கோல்-கோட்டுத் தொழில்நுட்பம் வந்துவிட்டது. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையின் லார்ட்ஸ் இறுதியில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன், 26-க்கு 17 என்று பவுண்டரி எண்ணிக் கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். படு மட்டமான விதி, ஆனால் ஆட்டத்துக்கு முன்பே எழுதியிருந்தது, இரண்டு அணிக்கும் ஒன்றுதான். மூன்றே மாதத்தில் அதைத் தூக்கியும் போட்டார்கள். ஆட்ட விதியில் ஓட்டை இருந்தால் யாராவது ஒருத்தர் அழுத பிறகாவது அடைக்கிறார்கள். வியாபார ஓட்டை மட்டும் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அதனால் ஐசிசிக்கு என்னிடம் ஒரு விதி இருக்கிறது. அந்த 60 விநாடிக் கடிகாரத்தை ஒளிபரப்புக்கும் மாட்டுங்கள். விளம்பரம் நீண்டு முதல் பந்து தெரியாமல் போனால் எச்சரிக்கை. இரண்டாவது முறையும் எச்சரிக்கை. மூன்றாவது முறை, ஸ்பான்சர் பெயரிலிருந்து ஒரு எழுத்தை உருவிவிட வேண்டும், தொடர் முடியும் வரைக்கும் ஜெர்சியில் அப்படியே போட்டுக்கொண்டு ஆட வேண்டும். நேற்று நான் பார்த்த வேகத்துக்கு, இறுதிப் போட்டிக்கு வருவதற்குள் அந்தச் செயலிக்குப் பெயரே மிஞ்சியிருக்காது.