கம்பிக்குக் குத்தகை கேட்டால் என்ன?

சின்னம்மா வளவில் நிற்கிற பதினொரு தென்னையிலும் போன கிழமை, வெட்டுகிறதுக்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்ற் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீளக்குடியேறி, தறப்பாள் கொட்டிலில் இருந்த 2011இல் நட்டவை. முகம் கழுவின தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் அதுகளுக்குத்தான் போனது. அளவெடுக்க வந்த பெடியனிடம் சின்னம்மா கேட்டாவாம்: "தம்பி, வயர் எவ்வளவு உயரத்திலை போகும்? அதுக்குக் கீழை நிக்கிற மாதிரிக் கட்டைத் தென்னை ஏதும் இருக்கோ?" அவனும் பாவம், சிரிக்காமல், "விசாரிச்சுச் சொல்லுறன் அம்மா" என்றானாம்.

விசயம் இதுதான். எங்கள் ஊருக்கு மேலால் 220 கிலோவோல்ற் கம்பி போகப்போகிறது. நான் அதற்கு எதிரில்லை. "அபிவிருத்தி எண்டால் உங்களுக்குப் பிடிக்காதே" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கரண்டின் அருமையை வன்னிச் சனத்துக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிட்டுப்போட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். நான் ஓ.எல். படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போர் முடிந்து, வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற் கம்பி இழுத்த பிறகுதான் வடக்கு திரும்பவும் நாட்டின் மின்கட்டமைப்போடு சேர்ந்தது.

இனியும் கம்பி வரும். மன்னாரில் 2020இல் திறந்த தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாற் திட்டத்தோடு வந்த அதானி 2025 பெப்ரவரியில் விலகிவிட்டது. காற்று அங்கேதான் வீசிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு வேறொருவர் வருவார். அந்த மின்சாரம் தெற்கே போவதென்றால் வன்னிக் காணிகளுக்கு மேலால்தான் போக வேண்டும்.

இந்தக் கம்பி பற்றி ஊரில் நடந்த கூட்டத்தில் ஒரு ஐயா எழும்பி, "எங்கட தலைக்கு மேலாலை போறதிலை கொஞ்சத்தை எங்கட வீட்டுக்குத் தந்தால் என்ன?" என்று கேட்டார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டில் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் தண்ணி மோட்டர் இழுக்காது. ஆனால் அப்படித் தரவும் முடியாது. மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பியில் ஓடுகிற மின்னோட்டம் பாதியாகும், சூடாகி வீணாவது கால்வாசியாகும். அதனால்தான் 220. அதை உபமின்நிலையத்தில் 33 ஆகக் குறைத்து, பிறகு சந்தியில் நிற்கிற ட்ரான்ஸ்போமரில் இன்னும் குறைத்தால்தான் வீட்டுக்கு வரும். ஆக, கம்பிக்கு நேர் கீழே இருக்கிறவனுக்கு அந்தக் கம்பியால் நேரடிப் பலன் ஒன்றுமில்லை. வடிவாகப் பார்த்தால் அவன் ஊருக்காகக் காணி விடுகிறான்.

எவ்வளவு விடுகிறான்? இந்த அளவுக் கம்பிக்கு இங்கே பொதுவாக 35 மீற்றர் அகலப் பாதை எடுப்பார்கள். ஒரு கிலோமீற்றருக்கு எட்டரை ஏக்கருக்கு மேல். சின்னம்மாவுக்கு இருப்பது அரை ஏக்கர். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 45 மீற்றர். நடுவால் 35 போனால் இரண்டு கரையிலும் ஐந்து ஐந்து மீற்றர் மிச்சம். மாட்டுக்கொட்டில் போடலாம்.

காணி பறிபோகவில்லை, உங்கள் பெயரில்தான் இருக்கும் என்கிறார்கள். சரி. ரவர் கால் ஊன்றுகிற துண்டுக்கும் வெட்டுகிற மரத்துக்கும் ஒருதரம் காசு. அதோடு கணக்கு முடிந்தது. கம்பிக்குக் கீழே நெல் விதைக்கலாம், கச்சான் போடலாம். வீடு கட்டேலாது, தென்னை பனை வைக்கேலாது. மகளுக்குச் சீதனம் எழுதப் போனால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: குத்தகை. வயல் செய்கிறவன் காணிக்காரனுக்குக் குத்தகை அளக்கிறான். காணி தன்னுடையதில்லை, பாவிக்கிறான், அதனால் அளக்கிறான். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணி காணாமல் விதைப்புக் குறைந்தால் குத்தகையும் குறையும், அதுவும் பேசித் தீர்ப்பதுதான். கம்பி காலபோகம் சிறுபோகம் பார்க்காது, வருசம் முழுக்க எங்கள் காணியைப் பாவிக்கும். மரத்துக்கு ஒருதரம் தருகிற காசைத் தரட்டும், பாதைக்கு வருசாவருசம் குத்தகையும் தரட்டும். அப்படிக் கொடுத்தால் கரண்ட் பில் ஏறும் என்கிறார்கள். ஏறட்டும், எல்லாருக்கும் சேர்த்துக் கொஞ்சம் ஏறட்டும். இப்போது அந்தப் பாரம் முழுக்கச் சின்னம்மாவின் தென்னைகளில் கிடக்கிறது.

இன்னொரு தலையிடியும் உண்டு. 2009இல் காணிப் பேர்மிற்றைப் பையோடு தொலைத்தவர்கள் எங்கள் ஊரில் கனபேர். காசு என்று வரும்போது முதல் கேள்வியே "பத்திரம் இருக்கோ?" என்பதாகத்தான் இருக்கும்.

அதனால் ஊராருக்கு: வாற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, பொதுநோக்கு மண்டபத்தில். பேர்மிற் இருக்கிறவர்கள் போட்டோக் கொப்பியோடு வாருங்கள். இல்லாதவர்கள் கிராம சேவையாளரிடம் ஒரு கடிதமாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். பெயின்ற் அடித்த மரங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள், மழை பெய்தால் அடையாளம் கழுவுப்பட்டுவிடும். சின்னம்மா பதினொன்றையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லி என்னைப் பிடித்து வைத்திருக்கிறா. இப்போதுதான் ஏழாவது மரத்தில் நிற்கிறேன்.