படகுக்கு உரிமம் சரி, ஏணிக்கு?

துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் பைலட் படகுகளுக்கு அரசு உரிமமும் சோதனையும் கட்டாயமாக வேண்டும் என்கிறது உங்கள் கட்டுரை. மலேசியாவின் கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். என் அக்காள் மகன் அப்படியொரு படகில்தான் வேலை செய்கிறான். கப்பல் நிற்காது, படகும் ஒட்டியபடியே ஓடும். அலை தூக்கும் அந்த நொடியில் பைலட் கயிற்றேணியைப் பிடித்தாக வேண்டும். ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் ஏணியோடு சேர்க்க வேண்டும் என்பது சோலாஸ் என்னும் உலகக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. ஆனால் ஏணி கப்பலுடையது, படகின் உரிமம் அதைத் தொடாது! போன மாதம் கயிறு நைந்து கிடந்ததைப் பார்த்துப் பைலட் ஏற மறுத்தாராம். செம்பனைக் குலை வெட்டும் அரிவாளைக் கழியோடு கட்டிய பிணைப்பையே நாங்கள் தினமும் இழுத்துப் பார்க்கிறோம். அப்புறம், படகோட்டியின் ஓய்வு நேரத்தையும் உரிமத்தில் எழுதுங்கள். விடியற்காலை 2 மணி அழைப்புக்கும் அவன்தான் ஓடுகிறான்.