அந்த ரயிலை எங்கள் பாட்டியே பிடித்திருப்பார்

ஞாயிற்றுக்கிழமையும் போச்சு, டிக்கெட் காசும் போச்சு. ஒரு பள்ளிப் பையனின் முதல் காதல்களைச் சொன்ன படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது, "உங்க ஊர்லதான் எடுத்திருக்காங்க, வாங்க மாமா" என்று மச்சான் கூப்பிட்டான். குன்னூரிலிருந்து கோவை வரை வளைந்து வளைந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவனோடு இன்னும் பேசவில்லை.

கதையில் பையன் பிளஸ் ஒன். தாடையைப் பார்த்தால் வீட்டுக்கடன் கட்டுகிறவர் மாதிரி இருக்கிறார். சரி, அதையாவது விடலாம். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்க்கிறான், பின்னாலேயே ஓடுகிறான், தெரு திரும்பினால் கொடைக்கானல் ஏரி! நடுவில் கோவையும் பழனியும் எங்கே ஐயா போயின? நீலகிரியும் பழனி மலையும் உங்களுக்கு ஒரே திரைச்சீலையா?

எந்நேரமும் பனி வேறு, கல்யாண மண்டபத்துப் புகை மாதிரி. நாங்கள் இங்கே காதலித்த லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் குடைக்கம்பி மடங்கி, நனைந்த ஸ்வெட்டரில் ஆட்டு வாடை அடிக்க, தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நிற்போம். அவள் வருகிற நேரத்துக்குச் சரியாக ஒரு காட்டெருமை குறுக்கே வந்து நிற்கும். அது நகராது. அவள் வேறு வழியில் வீட்டுக்குப் போய்விடுவாள். நமக்குக் கடைசி பஸ்ஸும் போயிருக்கும்.

இரண்டாம் பாகம் எடுக்கத் தெரியாவிட்டால் பார்த்தாவது பழகலாமே. 1959-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ ஒரு படத்தில் ஒரு சிறுவனை நடிக்க வைத்தார், 1962-ல் அதே பையன் நிஜமாகவே வளர்ந்த பிறகு அவனுடைய முதல் காதலை அரை மணி நேரத்தில் எடுத்தார். பையன் அவள் வீட்டுக்கு எதிரிலேயே குடிவருகிறான். அவளுடைய அப்பா அம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், அவளுக்குத்தான் பிடிக்காது. கடைசியில் அவள் வேறொருவனோடு வெளியே கிளம்ப, இவன் அவள் பெற்றோரோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறான். பாரிஸ் பையன்தான், ஆனால் காட்டெருமைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

இங்கே என்ன? குன்னூர் ஸ்டேஷனில் அவள் மலை ரயில் ஏறுகிறாள். ஹீரோ மூச்சிரைக்க ஓடுகிறார், ஸ்லோமோஷனில். பிடிக்க முடியவில்லையாம்! ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 46 கிலோமீட்டர், அதை இறங்கவே மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற ரயில் அது. குன்னூருக்குக் கீழே பல்சக்கரத்தால் தண்டவாளப் பல்லைக் கடித்துக் கடித்துத்தான் நகரும். ஓடக்கூட வேண்டாம். பஸ் ஏறினால் ரயிலுக்கு முன்பே மேட்டுப்பாளையம் போய், டீ குடித்துவிட்டுப் பிளாட்பாரத்தில் நிற்கலாம். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பி முறைத்தார்.

மூன்றாம் பாகம் முழுக்கக் கொடைக்கானலில்தானாம். அங்கே ரயிலே கிடையாது, ஆனாலும் இவர்கள் விடுவார்கள்.