விடையைப் போட்டு உடைக்கும் ரசிக சிகாமணிகளே!

கர்நாடக இசையில் ஒரு நல்ல புதிரை அமைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது, அதன் விடையைக் கைப்பேசியில் தேடி எடுத்து, குழுவில் உள்ள அத்தனை பேர் கண்ணிலும் படும்படி அடுத்த நிமிடமே போட்டு உடைத்துவிட்டு, ‘அடுத்த கேள்வி?’ என்று கேட்கும் அன்பர்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அப்படிச் செய்ய மனம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் அண்மையில் நான் கேட்ட புதிரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களின் வரிசையில் 26ஆம் வீடு சாருகேசிக்குச் சொந்தம். ஆனால் எழுத்துக் கணக்கை விதி பிசகாமல் போட்டால், அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு ராகங்கள் உரிமை கொண்டாட வேண்டும். அவை யாவை, இப்போது எங்கே குடியிருக்கின்றன? இதுதான் கேள்வி. விடையை எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், இரவு எட்டு மணிக்கு எல்லோருக்கும் சொல்கிறேன் என்றும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை தெரிந்தவர்களுக்கு இது எட்டாத புதிரன்று. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் போட்டால் மேளத்தின் எண் வந்துவிடும். சாருகேசியில் ‘ச’ 6, ‘ர’ 2, திருப்பினால் 26. மெய்கள் சேர்ந்து நிற்கும் கூட்டெழுத்து வந்தால் கடைசி மெய்யைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே, இரண்டாம் எழுத்து கூட்டெழுத்தாக உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே வர வேண்டும். ரத்னாங்கி விதிக்குக் கட்டுப்பட்டு 2இல் நிற்கும், சூர்யகாந்தம் 17இல் நிற்கும், தர்மவதி 59இல் நிற்கும். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அலுத்துப்போகும் நேரத்தில் சக்ரவாகத்தில் வந்து இடிக்கும். ‘க்ர’ என்பதில் ரகரத்தை எடுத்தால் 26 வருகிறது, ராகமோ ககரத்தின் தயவில் 16இல் உட்கார்ந்திருக்கிறது! அந்த ஒரு பிடி கிடைத்துவிட்டால், சித்ராம்பரியும் அதே தந்திரத்தைச் செய்து 66இல் பதுங்கியிருப்பது தானாகவே அகப்பட்டுவிடும். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, 72 பெயர்களையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இந்த இடிக்கும் இடத்தைத் தாமே கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சிக்காகத்தான் புதிர் போடுகிறோம். சக்ரவாகம், சித்ராம்பரி என்ற இரண்டு சொற்களுக்காக அல்ல.

நடந்தது என்ன? முதலில் ஒருவர், செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த பதிலைப் படமெடுத்துப் போட்டார். விடை நடபைரவியாம், சாருகேசிக்கும் அதற்கும் காந்தாரம் என்ற ஸ்வரம் ஒன்றுதான் வேறுபாடாம். அந்த வேறுபாடு உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதை ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பியவருக்குக் கைதட்டல் படங்கள் வேறு. அந்தக் குழப்பம் அடங்குவதற்குள் இன்னொருவர் எங்கிருந்தோ சரியான விடையைத் தேடிப் பிடித்து, விளக்கம் ஏதுமின்றிப் பொதுவில் கொட்டிவிட்டார். குழுவின் மூத்த உறுப்பினரான ஒரு மாமி, பாதிப் பெயர்களைத் தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டிருந்ததாகவும், குழுவைத் திறந்ததும் விடையைப் பார்த்துத் தாளை மடித்து வைத்துவிட்டதாகவும் பிறகு தொலைபேசியில் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இதைச் சுட்டிக்காட்டினால், ‘தெரிந்ததைச் சொல்வது குற்றமா?’ என்று எதிர்க்கேள்வி வருகிறது. ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்கவே இல்லையே! தெரிந்திருந்தால், ஏன் ரகரத்தை விட்டுக் ககரத்தை எடுத்தார்கள் என்று ஒரு வாக்கியமாவது பேசியிருப்பீர்கள். கச்சேரியில் பாடகர் ஆலாபனைக்கு வாய் திறந்த மறுகணமே, முன்வரிசைவரை கேட்கும்படி ராகத்தின் பெயரை அறிவிக்கும் பெருமக்களாவது சொந்தக் காதைக் கொண்டு சொல்கிறார்கள். அந்த மட்டில் அவர்களை மன்னித்துவிடலாம்.

விடை மட்டும் போதும் என்ற இந்த அவசரத்தால் கேள்விகளின் தரமும் கெட்டுப்போயிருக்கிறது. ‘72 மேளகர்த்தாக்களிலும் பாடல் இயற்றியவர் யார்?’ என்ற ஒரு கேள்வி, பாலமுரளிகிருஷ்ணா என்ற ஒற்றை விடையோடு குழுக்குழுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழிலேயே கிருதிகள் செய்திருக்கிறாரே, மகா வைத்தியநாத ஐயர் 72ஐயும் ஒரே ராகமாலிகையில் கோத்திருக்கிறாரே என்று கேட்டால், விடைத்தாளில் அப்படி இல்லை என்கிறார்கள். யார் எழுதிய விடைத்தாள் என்று கேட்டால், வந்ததை அனுப்பினேன் என்கிறார்கள். கேள்வியைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால், ‘72 மேளங்களிலும் தனித்தனியே தமிழ்க் கிருதிகள் செய்தவர்’ என்று வேலி கட்டியிருக்க மாட்டார்களா? புதிர் போடுவதில் பாதி உழைப்பு, இரண்டாவது விடை நுழைய முடியாதபடி கதவுகளை அடைப்பதில்தான் இருக்கிறது.

காமவர்த்தினியின் 51ஆம் வீட்டுக்கும் காந்தாமணியின் 61ஆம் வீட்டுக்கும் இதே போல ஆளுக்கொரு பங்காளி உண்டு. இம்முறை கூட்டெழுத்து பெயரின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் புதிர் குழுவுக்கு வராது. மாமிக்கும், கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுமையுள்ள இன்னும் சிலருக்கும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டேன்.