ப்ளீஸ் ட்ரை அகெய்ன்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணி. ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கையில் மாத்திரை. பெரம்பூரில் இருபது வருஷமாகக் குடியிருக்கும் என் சொந்த அபார்ட்மெண்ட் வாசலில் நின்று, புதுசாக மாட்டிய கைரேகைப் பெட்டியில் விரலை வைக்கிறேன். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது பெண் குரல். வேட்டியில் துடைத்து வைத்தேன். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். இடது கை விரலுக்கும் அதே பல்லவிதான். கடைசியில் டியூஷன் முடிந்து வந்த இரண்டாம் மாடிப் பையன் விரல் வைக்க, கதவு திறந்தது. "வாங்க தாத்தா" என்று என்னை என் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

முப்பத்து மூன்று வருஷம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். அரம் பிடித்தே தேய்ந்த கை. ரேஷன் கடையிலும் எனக்கு இந்த வம்பு உண்டு. மெஷினைத் திட்டிப் பயனில்லை. ரேகையில் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்துத்தான் அது ஆளைச் சொல்கிறது. கோடே தேய்ந்துபோன விரலில் அது எதைப் பார்க்கும்? பாத்திரம் தேய்க்கிறவர்கள், சிமெண்ட் கலக்குகிறவர்கள், மீன் ஆய்கிறவர்கள்... நம்ம வடசென்னையில் இப்படி எத்தனை கை!

இதெல்லாம் எதற்கு வந்தது? ஆடி மாசம் கீழே நின்ற ஒரு பைக் திருடு போனது. உடனே கூட்டம், வசூல், மெஷின். மாட்டியது படிக்கட்டுக் கதவில். பைக் நிற்கிற இடம் அன்றைக்கு எப்படித் திறந்து கிடந்ததோ, இன்றைக்கும் அப்படியேதான். செலவைச் சரிக்கட்ட பகல் வாட்ச்மேனை நிறுத்தியாயிற்று.

அந்தக் கதவைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மின்காந்தம். இ.எம். லாக் என்பார்கள். 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். கரண்ட் இருக்கும்வரைதான் அந்த வீரம். கரண்ட் நின்றால் விட்டுவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்ததுதான். தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட வேண்டாமா? அதனால் கூடவே ஒரு பேட்டரி. எங்களுடையது 12 வோல்ட், 7 ஏ.எச்., அதாவது ஒரு ஆம்பியர் இழுத்தால் ஏழு மணி நேரம் வரும். லாக் அரை ஆம்பியர் இழுக்கிறது. காகிதத்தில் 14 மணி நேரம், நிஜத்தில் பத்து வந்தால் பெரிது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று நாள் ஆனது. அன்றைக்கு இந்தக் கதவு இருந்திருந்தால் முதல் ராத்திரியே அகலத் திறந்து கிடந்திருக்கும். அந்த மூன்று நாளும் முழங்கால் தண்ணீரில் நின்று வண்டிகளை மேடேற்றியவர் வாட்ச்மேன்தான்.

சரி, விரல் விழாத பெரியவர்களுக்குக் கார்டு கொடுத்தார்கள். மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. அதற்கு ரகசியம் என்று எதுவும் கிடையாது. எந்த ரீடர் பக்கத்தில் வந்தாலும் தன் நம்பரை ஒப்பித்துவிடும். அந்த நம்பர் பெரும்பாலும் கார்டின் முதுகிலேயே அச்சாகியிருக்கும். நம்ம செக்ரட்டரி புதுக் கார்டுகளை மேஜையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பதினோரு பேர் கைகூப்பினார்கள். மாட்டத்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து டெஸ்ஃபயர் மாதிரி ரகசியச் சாவி உள்ள கார்டு கேளுங்கள். மைஃபேர் கிளாசிக் என்று பழைய ரகத்தைத் தந்தால் வேண்டாம். அதன் பூட்டை நெதர்லாந்துப் பல்கலைக்கழக ஆட்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

கார்டு தொலைந்தால் அந்த நம்பரை அழித்துவிட்டு வேறு கார்டு வாங்கலாம். ரேகை வெளியே போனால் வேறு விரலுக்கு எங்கே போவது? மாட்ட வந்த பையனிடம், குழந்தைகள் ரேகை உட்பட இதெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "க்ளவுடுல சார்" என்றான். எந்த க்ளவுடு என்றேன். மேலே பார்த்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். எங்கள் அசோசியேஷனில் யாரும் ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை.

காசிமேட்டிலிருந்து வரும் மீன்கார அக்கா முன்பெல்லாம் அன்னக்கூடையோடு மூன்றாம் மாடி வரை வருவார். குரலைக் கேட்டே வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். இப்போது கீழேயே நிற்கிறார். "இன்னாண்ணா, உங்க ஊட்டுக் கதவு என்னத் திருடின்னு நெனச்சுக்கிச்சா?" என்று கேட்டபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது.

கார்டு இருக்கட்டும். ராத்திரிக்கு அது போதும். விரல் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதில் இருக்கும் ரேகைகளை எங்கள் கண் முன்னால் அழிக்க வேண்டும். பகல் வாட்ச்மேனைத் திரும்பக் கூப்பிட வேண்டும். பதினெட்டு வீட்டுக்குப் பிரித்தால் மாசம் எழுநூறு ரூபாய் சொச்சம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். ஆறு வீடு சரி என்றிருக்கிறது, இன்னும் நாலு வேண்டும். முதல் மாடிக்காரர்களே, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். லைக் மட்டும் போட்டுவிட்டு நழுவ வேண்டாம், கூட்டத்துக்கு வாருங்கள்.